மாதா தாண்டிப் போன வீடு

கொல்லயில் கிராமம்
4.10.2025

அன்புள்ள லூயிசா மாமிக்கு,

இவ்வளவு ராத்திரியில் உட்கார்ந்து எழுதுவதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பகலில் எழுத முடிவதில்லை. பிள்ளை இடுப்பை விட்டு இறங்க மாட்டேன் என்கிறான். இப்போதுதான் நெபுலைசர் வைத்து, முதுகைத் தட்டித் தட்டி ஒருவழியாகத் தூங்கப் பண்ணினேன். காலையில் உங்கள் கேட்டில் தொங்கும் பால் பையில் இந்தக் கடிதம் இருக்கும்.

ஒரு மதிலுக்கு அந்தப்பக்கம் இருக்கிறவருக்கு எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். காது மிஷினை நீங்கள் வைத்துக்கொள்வதில்லை. மெதுவாகச் சொன்னால் உங்களுக்குக் கேட்பதில்லை. சத்தமாகச் சொன்னால் சண்டைக்கு வருகிறாள் என்கிறீர்கள். போன சனிக்கிழமை நாம் இரண்டு பேரும் மதிலோரம் நின்று போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுச் சரோஜம் அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்து வேடிக்கை பார்த்தார். அந்த வெட்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

விஷயம் புகைதான். முற்றத்தைக் கூட்டி அந்திக்கு மதிலோரம் குவித்துத் தீ வைக்கிறீர்கள். மழையில் நனைந்த இலை எரிவதில்லை, புகைகிறது. அதை எரியவைக்கப் பால் கவரும் பழைய செருப்பும் மேலே போடுகிறீர்கள். மதிலுக்கு இந்தப்பக்கம் எங்கள் படுக்கையறை. ஜன்னலை அடைத்தாலும் ஓட்டு இடுக்கு வழியாக இறங்குகிறது. நான் கெமிஸ்ட்ரி படித்தவள் மாமி. செருப்பு எரிந்தால் காற்றில் என்ன கலக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அதைப் பிள்ளை இழுப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அனூஜ் நாளாவதற்கு முன்னே பிறந்தவன். ஆஸ்பத்திரியிலிருந்து அவனைக் கொண்டுவந்த அன்று முதலில் பார்க்க வந்தது நீங்கள்தான். "இதென்னட்டி, பூச்சக்குட்டி கணக்கா இருக்கு" என்றீர்கள். நான் சிரித்துவிட்டேன். அந்தப் பூனைக்குட்டியின் நெஞ்சுதான் இப்போது விசிலடிக்கிறது. போன வாரம் நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்தோம். புகை படக்கூடாது என்று டாக்டர் சொன்னதை என் காதால் கேட்டேன்.

இலையைப் பின்பக்கம் குழியில் போடுங்கள். பிளாஸ்டிக்கை மாதாமாதம் எடுக்க வரும் பெண்களிடம் கொடுங்கள். இவ்வளவுதான் என் கோரிக்கை. தயவுசெய்து.

இப்படிக்கு,
ஷிஜா


6.10.25

எட்டி ஷிஜா,

உனக்க லெட்டர் கிட்டிச்சு. பால் பையில கொண்டு போட்டிருக்க, பாலு நனஞ்சு பாதி எழுத்து போச்சு. இனி போடுகதாயிருந்தா பிளாஸ்டிக் கவறுல வச்சுப் போடு. கவற நான் எரிச்சுக்கிடுகேன்.

நானும் எட்டாங்கிளாஸ் வர தமிழு படிச்சவளாக்கும். உனக்கு மட்டும்தான் எழுதத் தெரியும்னு நினைக்காத.

எனக்க முற்றத்தில விழுகது யாருக்க இலை? உனக்க ஆஞ்சிலி மரத்துக்க இலை. உனக்க மாமனாரு நட்டது. மதிலுக்கு அந்தால நிக்குது, இந்தால சாஞ்சு கெடக்குது. ஆஞ்சிலிச் சக்கை பழுத்தா உனக்கு, காஞ்சு விழுகிற கரியில எனக்கு. நடு ஒடிஞ்சவ நான் குனிஞ்சு தூத்து வாரி எரிக்கேன். ஒரு நாளு வந்து "மாமி, நான் வாருகேன்"னு நீ சொன்னதுண்டா?

புகையப் பத்தி எனக்குப் படிப்பிக்க வேண்டாம். முப்பது வருஷம் அண்டியாபீஸில முந்திரிக்கொட்ட வறுக்கிற எடத்தில நின்னவ நான். எனக்க காது போச்சே தவிர மூச்சு போகல்ல. மூணு பிள்ளையளப் பெத்து அந்தப் புகையோடதான் வீட்டுக்கு வந்து பாலு குடுத்தேன். மூணும் தடிமாடு கணக்கா உண்டு.

நீ ஞாயிறாழ்ச்ச வேதபாடம் எடுக்கிய இல்லியா? பிறத்தியாரப் பொறுக்கணும், பொறுக்கணும்னு பிள்ளையளுக்குத் தொண்ட கீற சொல்லிக் குடுக்கியே. அது பிள்ளையளுக்கு மட்டுமா, டீச்சருக்கு இல்லியா?

லூயிசா


9.10.2025

லூயிசா மாமிக்கு,

பொறுப்பதைப் பற்றிக் கேட்டீர்கள். நான் அதைப் பற்றி மூன்று பேரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

நம் பங்குச் சாமியார் அச்சனிடம் போனேன். "ஷிஜா, அவங்க தனியா இருக்கிற ஆளு, வயசும் ஆச்சு. நாமல்லவா பொறுக்கணும்" என்றார். சந்து வீடுகளில் செபம் நடத்துகிற நம் அன்பியத் தலைவர் யேசுவடியான் மாமாவிடம் போனேன். "மக்கா, லூயிசாட்ட வாய் குடுத்தவன் கரையேறினதில்ல. நீ ஜன்னல அடச்சுப்போட்டு உனக்க ஜோலியப் பாரு" என்றார். கொச்சியில் இருக்கும் என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். "நீ படிச்சவளல்லியா, விடு" என்றார் ஜிபின். படித்தவள் என்றால் விட்டுவிட வேண்டும் என்று எந்தப் பாடத்தில் இருந்தது என்று நான் திருப்பிக் கேட்டேன். அவர் பஸ்ஸில் இருக்கிறேன் என்று வைத்துவிட்டார்.

மூன்று பேருக்கும் சொல்லாததை உங்களுக்குச் சொல்கிறேன். ஒரு கன்னத்தில் அறைந்தால் மறு கன்னத்தைக் காட்டச் சொன்னார் ஆண்டவர். என் கன்னத்தை. என் பிள்ளையின் கன்னத்தை அல்ல. நீங்கள் என்னைத் திட்டுங்கள், தண்ணீரை அள்ளி என் முற்றத்தில் ஊற்றுங்கள், என் சேலையைப் பற்றிச் சரோஜம் அக்காவிடம் குறை சொல்லுங்கள். அதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டுதான் இருக்கிறேன். அவனுடைய மூச்சை எடுத்து உங்களுக்குத் தானம் கொடுக்க எனக்கு உரிமை கிடையாது.

ஆஞ்சிலி விஷயத்தில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. அதை எழுதாவிட்டால் நான் பொய் சொன்னதாகிவிடும். ஜிபின் மாதக் கடைசியில் வரும்போது உங்கள் பக்கம் சாய்ந்த கொப்புகளை வெட்டச் சொல்கிறேன். அதுவரை நானே வந்து உங்கள் முற்றத்தைக் கூட்டி இலையை அள்ளிக்கொண்டு போகிறேன். நாளை மறுநாள் வருவேன்.

இதற்குப் பிறகும் தீ வைத்தால் பஞ்சாயத்தில் எழுதிக் கொடுப்பேன். பயமுறுத்துவதாக நினைக்க வேண்டாம். முன்கூட்டியே சொல்லிவிடுவது மரியாதை என்பதால் சொல்கிறேன்.

இன்னொன்று. வீடு வீடாக ஒரு ராத்திரி தங்கும் செபமாலை மாதா அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டுக்கு வருகிறார், சனிக்கிழமை உங்கள் வீட்டுக்கு. நான் இந்தச் சந்துக்குப் புதியவள் என்று யேசுவடியான் மாமா இரண்டு தடவை முறையைச் சொல்லிக் கொடுத்தார். மாதா இருந்த வீட்டுப் பெண்தான் சுரூபத்தைக் கையில் ஏந்தி அடுத்த வீட்டுக் கேட்டில் கொண்டு கொடுக்க வேண்டுமாம். அந்த வீட்டுக்காரி மெழுகுதிரியோடு நின்று வாங்க வேண்டுமாம். ஒரு வீட்டையும் விடக் கூடாதாம். அன்றைக்காவது நமக்குள் சத்தம் இல்லாமல் இருக்கட்டும்.

ஷிஜா


16.10.25

எட்டி,

நீ வந்து தூத்தது தூப்பா? பிள்ளைய ஒக்கத்தில வச்சோண்டு ஒத்தக் கையில வாரியலு பிடிச்சு முற்றத்தில படம் வரஞ்சிட்டுப் போன நீ. நான் பிறகு ஒருக்கா தூத்தேன். ஞாயிறாழ்ச்ச ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, ரெண்டு கரியில எரிச்சதுக்கு நீ பஞ்சாயத்துக்குப் போயிட்ட.

இன்னைக்குப் பஞ்சாயத்து ஆளு பைக்கில வந்து எனக்க கேட்டுக்க முன்ன நின்னு பேரு கூப்பிட்டான். எனக்குக் கேக்கல்ல. கேக்காததினால இன்னும் சத்தமாட்டு கூப்பிட்டான். சந்தில உள்ள அத்தன பேரும் எறங்கி வந்தாச்சு. எனக்க கெட்டியவரு செத்த அன்னைக்குக்கூட இத்தன ஆளு வரல்ல. நோட்டீசு கையில தந்து கையொப்பு போடச் சொன்னான். யேசுவடியான் அங்க நின்னு பல்லக் காட்டினான்.

நீ படிச்சவ. நான் ஒண்ணு கேக்கேன், பதிலு சொல்லு. ஏழாம் மாசம் பெத்துப்போட்ட பிள்ளைக்கு நெஞ்சு எப்பிடி பெலக்கும்? நெறமாசம் சுமக்கத் துப்பில்லாத வயிறு உனக்கது. உனக்க வயித்துக்க கொறைக்கு எனக்க தீயில எதுக்குப் பழி போடுத?

நாளைக்கும் எரிப்பேன். எழுதிக் குடு.

லூயிசா


19.10.25

ஷிஜா,

நேத்து நீ செய்தது எனக்கு இன்னும் நம்பிக்க வரல்ல. அதினால எழுதிப் பாக்கேன்.

நான் காலையிலயே முற்றம் தூத்து மெழுகினேன். சரோஜத்துக்க வீட்டில இருந்து கசேர வாங்கிப் போட்டேன். சந்து முழுக்க வருமேன்னு கடலை அவிச்சு வச்சேன், பெரிய சருவத்தில சாயா போட்டேன். கல்யாணத்துக்கு எடுத்த வெள்ளச் சேலைய எடுத்து உடுத்தேன். காது மிஷினும் வச்சேன், பாட்டு கேக்கணும்னு. கேட்டைத் தொறந்து வச்சு மெழுகுதிரி கொளுத்தி நின்னேன்.

நீ உனக்க வீட்டில இருந்து மாதாவ ஏந்தி எறங்குகதப் பாத்தேன். நீ நீலச் சேல உடுத்திருந்த. எனக்க மொகத்தப் பாத்த. பாக்காம இல்ல, பாத்த. பாத்துட்டு நேரே நடந்து போயிட்ட.

நான் ஒரு அடி முன்ன வச்சேன். நீ நிப்பன்னு நினைச்சேன். மெழுகு உருகி கையில விழுந்துது. உனக்க பின்னால அத்தன பேரும் பாடிட்டே போனாவ. ஒருத்தரும் பாட்ட நிறுத்தல்ல. யேசுவடியான் ஒரு நொடி எனக்க பக்கம் பாத்தான். பிறகு இன்னும் உரக்கப் பாடினான். மிஷினு வச்சிருந்ததினால எல்லாம் நல்லாக் கேட்டுது.

இந்த வீட்டுக்கு நான் கெட்டி வந்ததில இருந்து ஒரு வருஷம்கூட மாதா எனக்க வீட்டுக்கு வராமப் போனதில்ல. அவரு குடிச்சிட்டு வந்து சட்டி ஒடச்ச வருஷமும் வந்தா. அவரு செத்த வருஷமும் வந்தா. நீ கெட்டி வந்து ரெண்டு ஓணம் முடியல்ல. மாதா யாருக்க வீட்டுக்குப் போகணும்னு நீ தீருமானிக்கிய.

பஞ்சாயத்துக்காரன் வந்தது எனக்கு மானக்கேடு. இது அது இல்ல.

லூயிசா


20.10.2025

லூயிசா மாமிக்கு,

ஆமாம். தாண்டிப் போனேன். கால் தவறிப் போகவில்லை, தெரிந்துதான் போனேன்.

வெள்ளிக்கிழமை என் வீட்டில் மாதாவை வைத்துச் செபமாலை சொல்லிக்கொண்டிருக்கிறோம். மூன்றாம் தேவ இரகசியம் சொல்லும்போது புகை வந்தது. எழுதியபடியே செய்தீர்கள். செருப்பு நாற்றம். வந்திருந்தவர்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மங்கள வார்த்தை செபம் சொன்னார்கள். அனூஜுக்கு உதடு நீலம் பாரித்தது. அந்த நிறத்தை நீங்கள் பார்த்ததுண்டா? நான் செபத்தைப் பாதியில் விட்டு அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். எதிர்வீட்டு ஷாஜி அண்ணன் ஆட்டோவில் நெய்யாற்றின்கரைக்குக் கொண்டுபோனார். சனிக்கிழமை மதியம்தான் திரும்பி வந்தோம். வந்து கதவைத் திறக்கப் போனால் வாசலில் உங்கள் கடிதம் கிடக்கிறது. நெறமாசம் சுமக்கத் துப்பில்லாத வயிறு.

மாமி, அந்த வரியை நான் எத்தனையோ ராத்திரி எனக்கு நானே சொல்லியிருக்கிறேன். ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்று சொல்லியிருக்கிறேன். என் அம்மா சொல்லவில்லை, ஜிபினின் அம்மா சொல்லவில்லை. எழுத்தில் எழுதி, மடித்து, என் வீட்டு வாசலில் கொண்டுவந்து போட உங்களுக்குத்தான் மனசு வந்தது.

அன்று சாயங்காலம் மாதாவை ஏந்தினேன். உங்கள் கேட் வந்தது. நீங்கள் வெள்ளைச் சேலையில் மெழுகுதிரியோடு, ஒன்றுமே நடக்காதது போல, சிரித்துக்கொண்டு நின்றீர்கள். முந்தின நாள் என் பிள்ளையை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய கையில் மெழுகுதிரி. அந்தக் கையில் நான் மாதாவைத் தர வேண்டுமாம். என் கால் நிற்கவில்லை. எனக்கு அப்போது சந்தோஷமாகக்கூட இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

நீங்கள் ஒரு தடவையாவது மன்னிப்புக் கேட்டீர்களா? பிறகு நான் எதற்குக் கேட்க வேண்டும்?

ஷிஜா


22.10.25

ஷிஜா,

கேக்க வேண்டாம். நான் கேட்டதுமில்ல.

பிள்ளையப் பத்தி எழுதினது எழுதப்பிடாதது. எனக்க கை அத எழுதுகதப் பாத்துட்டேதான் இருந்தேன். எழுதியாச்சு. திருப்பி வாங்க வழியில்ல. உதடு நீலம் பாரிச்சுதுன்னு எழுதியிருக்க. எனக்குத் தெரியாது. நான் உள்ள டிவி பாத்துட்டு இருந்தேன். ஆட்டோ வந்த சத்தமும் கேக்கல்ல.

நீ தாண்டிப் போனது உனக்க கோவம். அது எனக்கு மனசிலாவும். எனக்கும் கோவம் உண்டு, நான் அத வச்சுத்தான் இத்தன காலம் ஜீவிச்சேன். மற்றவியள நினைச்சாக்கும் எனக்கு ஒறக்கம் வரல்ல. அவியளுக்கு எங்கிட்ட என்ன கோவம்? ஒண்ணுமில்ல. எனக்க தீயினால ஒருத்தருக்கும் சொகக்கேடு வரல்ல. அவிய இத்தன வருஷமாட்டு என்னப் பொறுத்துக்கிடுதாவ. வழியில பாத்தா சிரிப்பாவ. "லூயிசா அப்பிடித்தான், விடு"ன்னு சொல்லுவாவ. எனக்குக் காது கேக்காதுன்னு எனக்க முன்ன வச்சே சொல்லுவாவ. வாயப் பாத்தா எனக்குத் தெரியும்.

பொறுக்கதுக்கு நான் என்ன பல்லுவலியா?

அன்னைக்கு ஒருத்தி, ஒரே ஒருத்தி, "எட்டி ஷிஜா, நில்லு"ன்னு சொல்லியிருந்தா போதும். கடலை முழுசும் கெடந்து புளிச்சுப்போச்சு. சரோஜம் வந்தா. அவ அம்பலத்துக்குப் போறவ, மாதாவுக்க ஆளில்ல. கசேரய எடுக்க வந்தவ உக்காந்து ரெண்டு கிண்ணம் கடலை தின்னுட்டு, "உப்பு கொறவாக்கும்"னு சொல்லிட்டுப் போனா.

இந்தச் சந்தில எங்கிட்ட நேருக்கு நேரே சண்ட போட்டது நீ ஒருத்திதான். எனக்கு லெட்டர் எழுதினதும் நீ ஒருத்திதான். எனக்க மகளு கூட எழுதினதில்ல.

இனி நான் பள்ளிக்குப் பூசைக்கு வரல்ல. ஆரியங்கோட்டில மகளுக்க வீட்டுக்குப் போறேன். அவளுக்கு நான் வாறது இஷ்டமில்ல, எனக்குத் தெரியும். ஆனாலும் போறேன். வீட்ட விக்கச் சொல்லியாச்சு. ஒண்ணாம் தேதி வண்டி வரும். பிறகு உனக்க பிள்ள நல்லா மூச்சு விடட்டும்.

லூயிசா


26.10.2025

லூயிசா மாமிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று நாளாக வைத்துக்கொண்டிருந்தேன். பதில் எழுத உட்கார்ந்தால் ஒன்றுதான் முதலில் வருகிறது. அதையே முதலில் எழுதுகிறேன். நீங்கள் ஆரியங்கோட்டுக்குப் போகிறீர்கள் என்று வாசித்ததும் எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. அப்பாடா என்றிருந்தது. ஒண்ணாம் தேதிக்குப் பிறகு ஜன்னலைத் திறந்து வைக்கலாம் என்று நினைத்தேன். அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள்தான் சண்டை பிடித்தது. உங்களோடு அல்ல. யேசுவடியான் மாமாவோடு.

மாதாவை இன்னொரு தடவை உங்கள் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும், நான் செய்தது தப்பு என்று அவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "மக்கா, அது முடிஞ்சு போன காரியம். வரிசை தாண்டியாச்சு, இனி திரும்பி வரப்பிடாது. அவளுக்கும் ஒரு பாடம் வேணும்லா?" என்றார். யார் அவளுக்குப் பாடம் எடுக்கச் சொன்னது என்று கேட்டேன். "நீயல்லியா எடுத்தது?" என்றார். எனக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. பிறகு எனக்கு வந்த கோபம் உங்களிடம்கூட வந்ததில்லை மாமி. ஜன்னலை அடைத்துக்கொள் என்று சொன்ன வாய் அது. பொறுத்துக்கொள், பொறுத்துக்கொள் என்று எனக்கு ஓதிய அத்தனை வாயும் அன்று என் பின்னால் பாடிக்கொண்டு வந்ததே, ஏன்? உங்கள் மேல் இரக்கம் இருந்திருந்தால் என் கையைப் பிடித்து நிறுத்தியிருக்க வேண்டும். அவர்களுக்கு இரக்கம் இல்லை. சோம்பல்தான் இருந்தது. உங்களோடு பேசாமல் தப்பிக்க ஒரு வழி வேண்டியிருந்தது. அதற்குப் பொறுமை என்று பெயர் வைத்திருந்தார்கள். நான் நடந்து காட்டியதும் அந்தப் பெயரும் தேவைப்படாமல் போய்விட்டது. இதை அப்படியே அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். "படிச்ச பெண்ணுங்களுக்கு நாக்கு நீளம்" என்று எழுந்து போய்விட்டார். அச்சனிடமும் சொன்னேன். "போய் மாதாவ எடுத்துக்கோ ஷிஜா" என்றார்.

நேற்று சாயங்காலம் மாதா முறைப்படி வாய்க்கால் கரையில் பிபின் வீட்டில் இருந்தார். நான் அனூஜை ஜிபினிடம் கொடுத்துவிட்டு, தனியாகப் போய், பிபினின் அம்மாவிடம் கேட்டு வாங்கினேன். அவர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லாமல் வந்தேன். நேரே உங்கள் கேட்டுக்குத்தான் வந்தேன். கேட் அடைத்திருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. தொண்டை கிழியக் கூப்பிட்டேன். ஜன்னலில் நீங்கள் வந்து பார்த்தீர்கள். என்னையும் பார்த்தீர்கள், கையில் இருந்தவரையும் பார்த்தீர்கள். பார்த்துவிட்டு ஜன்னலைச் சாத்தினீர்கள். எனக்கு வேண்டியதுதான். மழை பிடித்துவிட்டது. சுரூபத்தை முந்தானையால் மூடிக்கொண்டு என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இப்போது மாதா எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் மேல் இருக்கிறார்.

சொல்ல வேண்டியதைப் பிரித்துப் பிரித்துச் சொல்லிவிடுகிறேன், ஒன்றோடு ஒன்று குழம்பக் கூடாது.

பஞ்சாயத்தில் கொடுத்த புகாரைத் திரும்ப வாங்க மாட்டேன். நீங்கள் போனாலும் சரி, இருந்தாலும் சரி. இருந்து மறுபடியும் செருப்பை எரித்தால் மறுபடியும் எழுதிக் கொடுப்பேன். அடுத்த தடவை அந்த ஆள் வரும்போது நானும் வந்து உங்கள் பக்கத்தில் நிற்பேன். அவர் சத்தம் போடாமல் பேச வேண்டும். சந்தே கூடிப் பல்லைக் காட்டக் கூடாது. அதைப் பார்த்துக்கொள்கிறேன்.

ஆஞ்சிலியின் கொப்பு இறக்கியாகிவிட்டது. இன்று காலையில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஜிபின் உங்கள் தோட்டத்தின் பின்பக்கம், கிணற்றுக்கு அப்பால், இலை போடக் குழி வெட்டித் தருகிறேன் என்கிறார். நீங்கள் சரி என்றால் நாளைக்கே.

என் வயிற்றைப் பற்றி நீங்கள் எழுதியதை நான் மறக்க மாட்டேன். மறந்துவிட்டேன் என்று பொய் சொல்லவும் மாட்டேன். உங்களை எனக்குப் பிடிக்கவில்லை மாமி. உங்கள் குரல் கேட்டாலே எனக்கு உள்ளங்கை வேர்க்கிறது. அது மாறுமா என்றும் தெரியாது. ஆனால் அந்தக் கேட்டின் முன்னால் நான் செய்தது என் கோபத்துக்கும் மேலே போன காரியம். அதைச் செய்ய எனக்கு உரிமை இல்லை. மெழுகு உங்கள் கையில் விழுந்ததை நானும் பார்த்தேன். பார்த்துக்கொண்டுதான் நடந்தேன். அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். அதற்குப் பதிலாக நீங்கள் எதற்கும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. இது கொடுத்து வாங்குகிற காரியமல்ல.

ஆரியங்கோட்டுக்குப் போவதும் போகாததும் உங்கள் இஷ்டம். இருங்கள் என்று கெஞ்ச எனக்கு வாய் வரவில்லை. என் பிள்ளையின் நெஞ்சை நினைத்தால் வரவில்லை. ஆனால் நாங்கள் எல்லாருமாகத் தாண்டிப் போன வீட்டிலிருந்து நீங்கள் வண்டி ஏறக் கூடாது. மாதா வந்து தங்கிய வீட்டிலிருந்து ஏறுங்கள். அல்லது மாதா வந்து தங்கிய வீட்டில் இருங்கள், எரிக்காமல். இரண்டில் எதுவானாலும் நான் மதிலுக்கு இந்தப்பக்கம் இருப்பேன், சண்டை போட.

மாதா வெள்ளிக்கிழமை சாயங்காலம் பள்ளிக்குத் திரும்ப வேண்டும். அதற்குள் ஒரு ராத்திரி உங்கள் வீட்டில் இருக்க வேண்டும். பாட்டு வேண்டாம், ஆட்கள் வேண்டாம், கடலை வேண்டாம். மெழுகுதிரியோடு நிற்க வேண்டும் என்றும் இல்லை. நான் ஏந்திக்கொண்டு வருவேன். நீங்கள் கேட்டைத் திறந்தால் போதும். அனூஜையும் கொண்டுவர வேண்டுமென்றால் அன்று பகலில் தீ வைக்காதீர்கள்.

என்றைக்கு வர என்று ஒரு வரி எழுதிப் பால் பையில் போடுங்கள். சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

ஷிஜா